ஏழாம் தடுப்பின் தும்மல்

ஜூன் 9, திங்கள்

மூன்று முறை குளித்து உள்ளே வந்தாயிற்று. வாசலில் ஒன்று, நடுவில் ஒன்று, தங்கும் அறைக்கு முன்னால் ஒன்று. போட்டு வந்த துணி வாசலோடு நின்றுவிட்டது. கம்மல், வளையல், மெட்டி எல்லாவற்றையும் கழற்றிச் சிவராஜிடம் கொடுத்தேன். அவர் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, பெண்டாட்டியையே முடிந்து வைத்ததுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். இந்த நோட்டும் போன், லேப்டாப், கைக்கடிகாரமும் மட்டும் மருந்துப் புகைப் பெட்டியில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு எனக்குப் பின்னால் வந்தன. எழுதும்போதே கண் எரிகிறது.

தாய்க்கோழிப் பண்ணை என்றால் இப்படித்தான். ஊரெல்லாம் போகும் குஞ்சுகளின் அம்மாக்கள் இங்கே இருக்கிறார்கள். ஒருத்திக்குச் சளி பிடித்தால் மாவட்டத்தில் பாதிப் பண்ணைகளுக்குப் போய்விடும். அதனால் உள்ளே வந்தவர் நாற்பத்திரண்டு நாள் கழித்துத்தான் வெளியே போகலாம். கதவைச் சாத்தும்போது மேனேஜர் குழந்தைவேலு, "ஜெயில்னு நெனைக்காதீங் டாக்டரம்மா, ஜெயில்லயாவது மனு போட்டுப் பாக்க ஆளு வரும்" என்றார். சிரித்தேன். தாழ்ப்பாள் விழுந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

வந்த காரணத்தை எழுதி வைக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் நானும் நவநீதனும் 'கூவு' கம்பெனியைத் தொடங்கினோம். அவன் கம்ப்யூட்டர் ஆள். நான் ஒன்பது வருடம் மருந்து கம்பெனிக்காக ஷெட்டு ஷெட்டாக நடந்த கால்நடை டாக்டர். கோழிக்குச் சளி வந்தால் முதலில் மெல்லிசாகத் தும்மும், ஊசி விழுந்த மாதிரி. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தொண்டையில் கொரகொரப்பு வரும். கொரகொரப்பு எல்லோருக்கும் கேட்கும், ஆனால் அதற்குள் காரியம் கெட்டிருக்கும். தும்மலைக் கேட்பவர்தான் கெட்டிக்காரர். எனக்குக் கேட்கும். ஷெட்டில் மைக்கைத் தொங்கவிட்டு, விளக்குப் போடுவதற்கு முந்தைய விடியல் நேரத்தைப் பதிவு செய்கிறோம். சந்தேகமான துண்டுகளைப் புரோகிராம் எடுத்து அனுப்பும். நான் ஒவ்வொன்றாகக் கேட்டு, சரி, தப்பு என்று குறிப்பேன். என் குறிகளைப் பார்த்து அது வாராவாரம் கற்றுக்கொள்ளும். அறுபத்தொரு பண்ணைக்கு இப்படி. வாடிக்கையாளர்கள் இயந்திரம் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் கேட்கவில்லை.

இந்தப் பண்ணையின் முதலாளிக்கு இப்படி நாற்பது பண்ணைகள். அவர் சொன்ன நிபந்தனை: டாக்டர் உள்ளேயே இருக்கட்டும், மூன்று ஷெட்டில் நாற்பத்திரண்டு நாள் உங்கள் மெஷின் என் ஆள் பாவாயிக்கு முன்னால் கண்டுபிடிக்கட்டும், பிறகு நாற்பதும் உங்களுக்கு. இந்தக் கையெழுத்துக்காகத்தான் சென்னை முதலீட்டாளர் காத்திருக்கிறார். வராவிட்டால் ஆகஸ்ட்டோடு கடையைக் கட்ட வேண்டியதுதான் என்கிறான் நவநீதன். பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

அலுமினியத் தட்டில் சோறு, முட்டைக்கறி. கோழிப் பண்ணையில் முட்டைக்கறி கேட்காமலே கிடைக்கிறது. நாற்பத்தொரு நாள்.

ஜூன் 12, வியாழன்

மேனேஜர் சாப்பாட்டுக்கு விசில் அடிப்பாராம். இன்றும் அடிக்க மறந்துவிட்டார். நானாகப் போனபோது எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

காலை நாலரைக்கு இயர்போனைச் செருகினால் ஆறு மணிக்குத்தான் எடுக்கிறேன். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. மகள் மகிழினியின் பிறந்தநாள் அன்றும், மாமனார் காரியத்தன்றும், எனக்கு டைபாய்டு வந்தபோதும். திருச்செங்கோட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஜூலை கடைசியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். 'வென்ற நிறுவனர்கள் கற்ற பாடங்கள்' என்று தலைப்பு. இன்னும் வெல்லவே இல்லையே என்றேன், அதற்குள் வென்றுவிடுவீர்கள் மேடம் என்றார்கள். முதல் பாடம் கிடைத்துவிட்டது: விடுப்பு எடுக்காதே.

மகிழினி போனில் முணுமுணுக்கிறாள். எட்டு வயதுக்கு வாயைத் திறந்து பேச வேண்டாமா. அதட்டினேன். ஏதோ ரகசியம் வைத்திருக்கிறாளாம், போனில் சொல்ல மாட்டாளாம், நேரில் வந்தால் காதில்தான் சொல்லுவாளாம். நாய்க்குட்டியாக இருக்கும். சிவராஜ் இளகிப்போயிருப்பார்.

ஜூன் 15, ஞாயிறு

பாவாயி என் அறைத்தோழி. எனக்கு ஒரு வாரம் முன்னாலேயே உள்ளே வந்தவள். நாற்பது வயதிருக்கும், குரல் மட்டும் கோயில் ஒலிபெருக்கி. சோப்பு சரியில்லை, குழம்பு சரியில்லை, மேனேஜர் நடை சரியில்லை என்று காலை முதல் ஒரே புகார். விடியலில் மூன்று ஷெட்டிலும் இருட்டிலேயே நடப்பாள். ஒவ்வொரு ஷெட்டிலும் பன்னிரண்டு தடுப்பு, தடுப்புக்கு நானூற்றுச் சொச்சம் கோழி. எங்கே தும்மல் கேட்கிறதோ அந்தத் தடுப்பின் பலகையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு வருவாள். இதுதான் எங்களுக்குப் போட்டி. எனக்குப் பாவமாக இருக்கிறது.

என் கைக்கடிகாரம் மணிக்கொரு தரம் கத்தித் தூக்கத்தைக் கெடுக்கிறதாம். அதன் சத்தம் செத்து ஒரு வருடம் ஆகிறது, வேறு ஏதாவதாக இருக்கும் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஒரு நல்ல விஷயம், இங்கே கொசுவே இல்லை. கை காலெல்லாம் தடிப்புத் தடிப்பாக இருக்கிறது, அது கோழிப்பேன்.

ஜூன் 18, புதன்

சாலை பண்ணைக்கு மேற்கே இருக்கிறது. மோகனூர் பஸ்ஸின் கூரை மட்டும் மதிலுக்கு மேலே தெரிந்து போகிறது. இன்று நான்கு பஸ் பார்த்தேன்.

ஜூன் 20, வெள்ளி

ராசிபுரம் வாடிக்கையாளர் நவநீதனைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டிருக்கிறார். முன்னெல்லாம் மூன்று நாள் முன்னாடியே சொல்லிவிடுவீர்கள், இப்போது கோழி கொரகொரக்க ஆரம்பித்த பிறகு சொல்கிறீர்கள், அதற்கு நீங்கள் எதற்கு என்று. இந்த வருடம் இது ஐந்தாவது புகார். அவர் மைக்கைத் துடைப்பதே இல்லை, தூசி அடைத்திருக்கும் என்று பதில் சொல்லச் சொன்னேன்.

உண்மையில் எங்கள் புரோகிராம் இவ்வளவு நன்றாக என்றுமே இருந்ததில்லை. முதல் வருடம் ஒரு பண்ணைக்கு நாற்பது துண்டு அனுப்பும், காது தேய்ந்துவிடும். இப்போது ஆறுதான். மீதியை அதுவே தப்பு என்று தள்ளிவிடுகிறது. பக்குவப்பட்டுவிட்டது. இதை வரைபடமாகப் போட்டுக் காட்டித்தான் சென்னைக்காரரை மடக்கினோம்.

இந்த இயர்போனும் தேறாது. முழுச் சத்தம் வைத்தாலும் மங்கலாக இருக்கிறது. ஒரே வருடத்தில் மூன்றாவது.

ஜூன் 24, செவ்வாய்

இரண்டாம் ஷெட்டு ஏழாம் தடுப்பில் பாவாயி கோடு போட்டிருக்கிறாள். ஒன்றல்ல, நான்கு. எங்கள் அறிக்கையில் ஏழாம் தடுப்பு சுத்தம். மேனேஜர் என்னைப் பார்த்தார். இருட்டோடு போய்த் தடுப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் நின்றேன். ஒரு தும்மல் இல்லை. பாவாயி பக்கத்தில் நின்று "இந்தா, இந்தா, கேக்குதுங்களா" என்று விரலைக் காட்டிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு மெஷினிடம் தோற்க மனமில்லை.

புதுத் தீவனத்தின் தூசி, தொண்டை கமறியிருக்கும், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 25, புதன்

பாவாயி இன்று ஏழோடு ஆறிலும் கோடு போட்டிருக்கிறாள். எங்கள் அறிக்கையில் சுத்தம். இரண்டாம் பாடம்: நூறு பேர் சந்தேகப்பட்டாலும் உன் பொருளை நீ நம்பு.

ஜூன் 27, வெள்ளி

ஏழாம் தடுப்பில் கொரகொரப்பு.

ஜூன் 28, சனி

ஆறு, ஏழு இரண்டு தடுப்பையும் காலி செய்தார்கள். ஏழில் நானூற்றி எண்பது, ஆறில் நானூற்றி அறுபது. குழி தோண்டும் மெஷின் பண்ணைக்குள்ளேயே நிரந்தரமாக நிற்கிறது என்று இன்றுதான் தெரிந்தது. நான்கு நாள் முன்னால் தெரிந்திருந்தால் முப்பது கோழியைப் பிரித்து மருந்து கொடுத்து முடித்திருக்கலாம். இதை மேனேஜர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான், டாக்டர் நான்.

பாவாயி எதுவும் பேசவில்லை. சோப்பைப் பற்றிக்கூட.

ஜூன் 29, ஞாயிறு

24ஆம் தேதிப் பதிவை எடுத்து மறுபடி கேட்டேன். சுத்தம். பிறகு ஒலியைப் படமாகக் காட்டும் திரையைத் திறந்தேன். மூன்று வருடமாக அதை நான் பார்ப்பதில்லை. காது இருக்கும்போது படம் எதற்கு என்று நவநீதனிடம் பெருமையடித்திருக்கிறேன். கீழே விசிறியின் இரைச்சல் பட்டையாக ஓடுகிறது. மேலே, உயரத்தில், மெல்லிய வெள்ளைக் கீறல்கள். ஒரு நிமிடத்துக்குப் பதினொன்று. அந்த இடத்துக்கு வரும்போது இயர்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அமைதி. கீறல் திரையில் ஓடுகிறது, காதில் ஒன்றுமில்லை.

லேப்டாப்பின் ஒலி அட்டை கெட்டிருக்க வேண்டும்.

ஜூன் 30, திங்கள்

ஒலி அட்டை கெடவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

பாவாயியை உட்கார வைத்து இயர்போனைக் கொடுத்தேன். தும்மல் கேட்டால் விரலைத் தூக்கு என்றேன். திரையை அவளுக்குக் காட்டவில்லை. ஒவ்வொரு கீறலுக்கும் அவள் விரல் எழுந்தது. பதினொன்றுக்குப் பதினொன்று. பிறகு நான் போட்டுக்கொண்டேன், அவள் திரையைப் பார்த்தாள். கீறல் ஓடும்போதெல்லாம் என் விரலைப் பார்த்தாள். என் விரல் மேசையிலேயே கிடந்தது.

"அம்முணி, உங்களுக்குக் கேக்கறதில்லீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவள் மெதுவாகப் பேசி இன்றுதான் பார்க்கிறேன். உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

கைக்கடிகாரம் கத்திக்கொண்டுதான் இருக்கிறது. மேனேஜர் விசில் அடித்துக்கொண்டுதான் இருக்கிறார். கொசுக்கள் இருக்கின்றன. ஒரு டாக்டர் இதையெல்லாம் சேர்த்துப் பார்க்க மூன்று வாரம் எடுத்திருக்கிறாள் என்றால் அவளுக்குச் சேர்த்துப் பார்க்க மனமில்லை என்று அர்த்தம். நான் அழுதேன். பாவாயி துண்டை எடுத்து நீட்டினாள், அதிலும் அந்தச் சோப்பு வாசனை.

ஜூலை 2, புதன்

நவநீதனிடம் சொன்னேன். பத்து நிமிடம் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னதை எழுதவே கை வரவில்லை.

போன வருடம் ஏப்ரல் வாக்கிலிருந்து நான் மெல்லிய தும்மல்களுக்கெல்லாம் தப்பு, தப்பு என்று குறி போட்டிருக்கிறேன். எனக்குக் கேட்கவில்லை, அதனால் தப்பு. புரோகிராம் என்னைப் பார்த்துத்தானே கற்றுக்கொள்கிறது. வாராவாரம் கற்றுக்கொண்டது. இந்த மாதிரித் துண்டுகளை அனுப்பினால் அம்மாவுக்குப் பிடிக்காது என்று அனுப்புவதையே நிறுத்திவிட்டது. நாற்பது துண்டு ஆறாகக் குறைந்ததே, அந்தப் பக்குவம் இதுதான். என் காதில் எது விழவில்லையோ அது இயந்திரத்துக்கும் விழவில்லை. அறுபத்தொரு பண்ணையில், பதினான்கு மாதமாக. ராசிபுரத்துக்காரரின் மைக்கில் தூசியே இல்லை.

வெளியே போக வேண்டும் போல இருந்தது. வாசல் வரை நடந்தேன். வாசலுக்கு இந்தப் பக்கம் ஒரு மஞ்சள் கோடு. அதைத் தாண்டினால் சோதனை முடிந்தது, தோற்றது. கோட்டின்மேல் பூட்ஸ் நுனியை வைத்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினேன்.

ஜூலை 3, வியாழன்

நவநீதன் ஒரு வழி சொல்கிறான். "இன்னும் பதினெட்டு நாள்தான் பூங்கொடி. பாவாயிக்குக் காது இருக்கில்ல? உனக்குப் பதிலா அவ கேக்கட்டும். நீ குறி மட்டும் போடு. கையெழுத்து ஆகட்டும், அப்பறம் எல்லாத்தையும் சரி பண்ணிக்கலாம்." பதினான்கு பேரின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னான். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாதா.

பாவாயியிடம் கேட்டேன். அதுக்கென்ன, கேட்டாப் போச்சு என்றாள்.

ஜூலை 5, சனி

இரண்டு நாளாக எங்கள் அறிக்கை பிரமாதம். ஒன்றாம் ஷெட்டு மூன்றாம் தடுப்பு, பிறகு ஒன்பதாம் தடுப்பு. போய்ப் பார்த்தால் பலகையில் பாவாயியின் சாக்பீஸ் கோடு. மேனேஜர், மெஷின் தேறிடுச்சுங் என்று முதலாளிக்கே போன் போட்டுச் சொன்னார். ஷெட்டில் நடந்து கோடு போடுபவளும் பாவாயி, பிறகு வந்து இயர்போனில் கேட்டுச் சொல்பவளும் பாவாயி. பாவாயியும் பாவாயியும் போட்டி போட, நாங்கள் ஜெயித்துக்கொண்டிருக்கிறோம்.

ஜூலை 6, ஞாயிறு

காலை எட்டரைக்கும் பாவாயி இயர்போனோடு உட்கார்ந்திருந்தாள். மற்ற பண்ணைகளின் துண்டுகளையும் நான்தான் கொடுத்திருந்தேன். புரோகிராம் தள்ளிவிட்டதையும் சேர்த்து நவநீதன் அனுப்பிக்கொண்டே இருந்தான், இப்போதுதான் நாற்பது நாற்பதாக வருகிறது. இட்லி ஆறிப்போய் அவள் பக்கத்தில் இருந்தது. ஒரு காதிலிருந்து எடுத்துச் சுண்டுவிரலால் குடைந்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டாள். "இன்னும் எத்தன இருக்குதுங்க?" என்றாள். புகாராகக்கூடச் சொல்லவில்லை. புகார் சொல்லாத பாவாயியைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மூன்று வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான். விடுப்பு எடுக்காதே என்று பாடம் எழுதியவளும் நான். கம்பெனி வளர வளர அந்த நாற்காலியில் இருந்தவளை யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை, அவளும் அதைப் பெருமை என்று நினைத்துக்கொண்டாள். இப்போது இன்னொருத்தியைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன்.

அவள் காதிலிருந்து இரண்டையும் நானே எடுத்துவிட்டு, போய்ச் சாப்பிடு என்றேன்.

சாயங்காலம் மகிழினி பேசினாள். போனை வலது காதில் வைத்தால் கொஞ்சம் கேட்கிறது. ரகசியம் கெட்டுப்போகாமல் இருக்கிறதாம். பல் விழுந்திருக்கிறது என்பது என் அடுத்த ஊகம். இல்லையாம்.

ஜூலை 7, திங்கள்

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். என் காது, புரோகிராம், பாவாயி கேட்டுக் கொடுத்தது, எல்லாம். நவநீதனிடம் சொல்லாமல்தான் சொன்னேன். சொன்னால் அந்தப் பதினான்கு பெயரை மறுபடி சொல்லுவான், நான் கேட்டுவிடுவேன்.

குழந்தைவேலு முட்டைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். கடைசித் தட்டை வைத்த பிறகு, "தொள்ளாயிரத்தி நாப்பது கோழிங் டாக்டரம்மா. தூசின்னு எழுதிக் குடுத்தீங்" என்றார். ஆமாம் என்றேன். அவர் முதலாளிக்குப் போன் போட்டார். நான் எதிரிலேயே நின்றேன். அவர் பேசியதில் பாதி காதில் விழவில்லை, அது இன்று கொஞ்சம் உபகாரமாக இருந்தது.

முதலாளி சொன்னது: டாக்டர் எப்படியும் வெளியே போக முடியாது, நாள் முடியட்டும், அதற்குள் வேறு வழி இருந்தால் காட்டட்டும், இல்லாவிட்டால் மைக்குகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகட்டும்.

ஜூலை 8, செவ்வாய்

நவநீதனிடமும் சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டான்.

ஜூலை 9, புதன்

சென்னை முதலீட்டாளர் விலகிவிட்டார். நவநீதன் அதைச் சொல்லத்தான் கூப்பிட்டான். கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பிள்ளையை வளர்ப்பதுபோல இதை வளர்த்தோம், நீ ஒருத்தியாக முடிவெடுத்துவிட்டாய் என்றான். ஆமாம், அவனுக்குக் கோபப்பட உரிமை இருக்கிறது. ராசிபுரத்துக்காரருக்கும் மற்ற அறுபது பேருக்கும் இனி நாமே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றேன். சொல்லுவோம், வேறென்ன செய்ய என்றான்.

வைக்கும் முன் கேட்டேன்: முதல் வருடத்துப் புரோகிராம் இருக்கிறதா? நான் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது கற்றுக்கொடுத்தது? இருக்கிறது, ஆனால் அது சனியன், ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்தும், வெட்கப்பட்டுத்தானே மூட்டை கட்டி வைத்தோம் என்றான். அதை எடு என்றேன். பிறகு கீபோர்டு தட்டும் ஓசை கேட்டது. அந்த ஓசை எனக்குக் கேட்கிறது.

ஜூலை 10, வியாழன்

24ஆம் தேதிப் பதிவைப் பழைய புரோகிராமுக்குக் கொடுத்தோம். ஏழாம் தடுப்பு என்றது. பதினொன்றில் பத்து. அதோடு சம்பந்தமில்லாமல் ஒரு தகர டப்பா விழுந்த சத்தத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தது, கழுதை.

இரண்டு வருடத்துக்கு முந்தைய என் காது அதற்குள் அப்படியே இருக்கிறது. எனக்கு இனி வராது, அதற்குள் இருக்கிறது. சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. கொஞ்சம் பொறாமையாக இருந்தது, எழுதிவிடுகிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

பாவாயிக்கு நாள் முடிந்தது, நாளை விடிந்ததும் போகிறாள். அவளுக்குப் பதிலாக வருபவர் பதினெட்டாம் தேதிதான் வருவார். அதுவரை ஷெட்டில் நடக்க நல்ல காது கிடையாது. மேனேஜருக்கு அறுபது வயது, காலமெல்லாம் ஜெனரேட்டர் பக்கத்தில் இருந்தவர், அவர் காதும் என் காதும் ஒன்றுதான்.

ராத்திரி மூட்டை கட்டும்போது பாவாயி தன் சாக்பீஸ் துண்டுகளை ஒரு தீப்பெட்டியில் போட்டு என்னிடம் கொடுத்தாள். சோப்பை மாற்றச் சொல்லி நான் கடைசிவரை மேனேஜரிடம் பேசவில்லை என்றும் சொல்லிக்காட்டினாள்.

ஜூலை 16, புதன்

இன்று ஆறு மணி அறிக்கையில் பழைய புரோகிராம் மூன்றாம் ஷெட்டு நான்காம் தடுப்பு என்றது. மூன்று தும்மல். மூன்றே மூன்று.

போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விசிறி கீழ் ஸ்தாயியில் ஓடியது. உமியைக் கால்கள் சீய்க்கும் சத்தம் கொஞ்சம். வேறு ஒன்றுமில்லை. கோழிகள் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தன, பளபளவென்று, ஒன்றுக்கும் குறையில்லாமல். நானூற்றி எழுபது. தனியாகப் பிரித்து ஊசி போட்டால் பத்து நாள் முட்டை எடுக்க முடியாது, மூன்றாம் ஷெட்டுக்குள் யாரும் போய்வர முடியாது. அந்தப் புரோகிராம் தகர டப்பாவைத் தும்மல் என்று சொன்ன கழுதை. நான் சொல்வது தப்பானால் குழந்தைவேலுவின் வேலையும் போகும்.

இதே மாதிரி மூன்று வாரம் முன்னால் ஏழாம் தடுப்பில் நின்று, எனக்குக் கேட்கவில்லை, அதனால் இல்லை என்று எழுதினேன். இன்றும் எனக்குக் கேட்கவில்லை. ரொம்ப நேரம் நின்றேன். பிறகு தீப்பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பலகையில் கோடு போட்டேன். கோணலாகத்தான் வந்தது.

மேனேஜர் கேட்டார்: "உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?"

"இல்லைங்க. ஆனா பிரிச்சிருங்க."

அவர் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஆட்களைக் கூப்பிட விசிலை வாயில் வைத்தார். கன்னம் உப்புவது தெரிந்தது.

ஜூலை 19, சனி

நான்காம் தடுப்பில் எடுத்த தொண்டைச் சளி மாதிரிகளுக்கு ஆய்வகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. நோய் இருக்கிறது. இருபத்திரண்டு கோழி. கொரகொரப்பு இன்னும் யாருக்கும் வரவில்லை, பக்கத்துத் தடுப்புகள் சுத்தம்.

கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

முதலாளி முடிவு சொல்லிவிட்டார். நாற்பது பண்ணை கிடையாது. இந்த ஒரு பண்ணையில் மட்டும் ஆறு மாதம், பழைய புரோகிராமோடு. குறி போட ஒருவர் அல்ல, மூன்று பேர், மூவரும் தனித்தனியாக, வருடத்துக்கு ஒரு தடவை காதுப் பரிசோதனையோடு. இந்தக் கடைசி வரி என்னுடையது. அறுபத்தொன்றில் இருபத்து மூன்று பண்ணைக்காரர்கள் இருக்கிறோம் என்றார்கள். ராசிபுரத்துக்காரர் இல்லை. பதினான்கு பேரில் ஆறு பேரை வைத்துக்கொள்ள முடியும். மீதி எட்டுப் பேரிடம் நானும் நவநீதனும் நேரில்தான் சொல்ல வேண்டும். பாவாயி வேலைக்கு வரச் சம்மதம், ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷம் உட்கார மாட்டாளாம், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடக் கூடாதாம்.

கல்லூரிக்குப் போன் செய்து, வென்ற என்ற வார்த்தையை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். அழைப்பிதழ் அச்சாகிவிட்டதாம் மேடம். எழுதி வைத்த இரண்டு பாடங்களையும் இதே நோட்டில் அடித்துவிட்டேன். மேடையில் இந்த நோட்டையே படித்தால் என்ன என்று தோன்றுகிறது.

ஜூலை 21, திங்கள்

வெளியே போகும்போதும் மூன்று குளியல். மஞ்சள் கோட்டைத் தாண்டும்போது குழந்தைவேலு கும்பிடு போட்டார். எதிர்பார்க்கவில்லை.

வாசலில் சிவராஜ் கைக்குட்டை முடிச்சோடு நின்றார். நவநீதனும் வந்திருந்தான், ஷேவ் செய்யாமல், என் பையை வாங்கிக்கொண்டான். காவலாளி கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கும்போதே மகிழினி ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நாற்பத்திரண்டு நாளாக அடைகாத்த ரகசியம். என் முகத்தைத் திருப்பி இடது காதில் வாயை வைத்தாள். சூடான மூச்சு பட்டது. அவ்வளவுதான்.

முன்பென்றால் கண்ணை அகல விரித்து, அப்படியா என்று சொல்லியிருப்பேன். எத்தனை தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேனோ, எதற்கெல்லாம் சொன்னேனோ.

"கேக்கல கண்ணு. அம்மாவுக்குக் காது சரியாக் கேக்கறதில்ல. சத்தமாச் சொல்லு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். நவநீதனைப் பார்த்தாள், காவலாளியைப் பார்த்தாள். ரகசியத்தை இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, உதட்டை நன்றாக அசைத்துக் கத்தினாள்.

"உனக்குக் காது கேக்காதுன்னு எனக்குத் தெரியும்மா. நான் யாருகிட்டயும் சொல்லவே இல்ல."

சிவராஜ் கம்மலை நீட்டியபடியே நின்றார்.